படகின் அடிப்பகுதிக்கு எந்தப் பெயின்ட்? தடைக்காலத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

வங்கக் கடலோரத்தில் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு வருமானம் நின்றுபோகும் காலம். ஆண்டு முழுவதும் நீருக்கடியில் கிடந்த அடிப்பகுதியைக் கண்ணால் பார்க்கவும், அதைச் சரிசெய்யவும் கிடைக்கும் காலமும் அதுதான். அந்த நாட்கள் நெருங்கும்போது, அடியில் கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்டில் எதை வாங்குவது என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அண்மையில் இருவர் ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்டார்கள். ஒருவர் கொள்ளிடக் கழிமுகத்தில் உள்ள பழையாறு துறைமுகத்தில் ஐம்பதடி இரும்பு விசைப்படகு வைத்திருப்பவர். மற்றவர் வேதாரண்யத்தை ஒட்டிய ஆறுகாட்டுத்துறையில் பைபர் படகு வைத்திருக்கும் இளைஞர். முன்னவருக்குச் சொல்ல வேண்டிய விடையைப் பின்னவருக்குச் சொன்னால் அவருடைய பணம் வீணாகும். பின்னவருக்குரிய விடையை முன்னவருக்குச் சொன்னால் அவருடைய படகே வீணாகும். எனவே பெயின்டின் பெயரிலிருந்து தொடங்காமல், படகு எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், இரவில் படகு இருக்கும் இடம். நம் பக்கம் பொதுவாகச் சிப்பி என்றே சொல்லிவிடும் கொட்டலசு, குஞ்சுப் பருவத்தில் நீரோடு மிதந்து திரியும். ஏதேனும் ஒரு பரப்பைக் கண்டதும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிவிடும். அதற்குப் பின் அந்த உயிர் இடம் மாறாது. அது ஒட்டுவதற்குப் படகு அசையாமல் நிற்க வேண்டும், நீருக்குள் இருக்க வேண்டும். நாள்தோறும் மணலில் இழுத்துப் போடப்பட்டு வெயிலில் காயும் படகில் இந்த இரண்டும் இல்லை. நாகப்பட்டினத்தில் கடுவையாற்றிலோ, காரைக்காலில் அரசலாற்று முகத்திலோ, பழையாற்றிலோ கட்டிக் கிடக்கும் படகில் இரண்டும் உண்டு.

இரண்டாவது, ஓடும் நாட்களுக்கும் நிற்கும் நாட்களுக்கும் உள்ள விகிதம். ஒரு வாரம் கடலில் தங்கித் திரும்பும் படகும், டீசல் விலைக்கும் மீன் விலைக்கும் கணக்குப் பார்த்து மாதத்தில் பாதி நாள் கட்டிக் கிடக்கும் படகும் ஒரே துறைமுகத்தில் இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே பெயின்ட் பொருந்தாது. மூன்றாவது, உடல் எதனால் ஆனது என்பது: மரமா, பைபரா, இரும்பா. நான்காவது, அடியில் ஏற்கெனவே என்ன பெயின்ட் இருக்கிறது என்பது. பெரும்பாலானவர்கள் கேட்க மறப்பது இதைத்தான். பட்டவன் என்ற முறையில் இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

செலவைக் கடைசியில் வைக்கிறேன். டின்னின் விலை மட்டும் செலவாகிவிடாது. கிரேனுக்கோ கரையேற்றும் மேடைக்கோ கொடுக்கும் வாடகை, சுரண்டும் ஆட்களின் கூலி, உப்புத்தாள், பிரைமர், தின்னர் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, பருவத்தின் நடுவில் பெயின்ட் தோற்றுப்போனால் மறுபடி படகை ஏற்றும் செலவையும் அந்த நாட்களின் மீன்பாட்டையும் சேர்த்தால்தான் உண்மையான கணக்கு வரும். டீசலும் இதில் சேரும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கக் கடற்படையின் ஃபிரிகேட் வகைக் கப்பல் ஒன்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் செல்வதாக வைத்துக் கணக்கிட்டது: அடியில் மெல்லிய வழுவழுப்புப் படலம் இருந்தாலே தேவைப்படும் எஞ்சின் திறன் 11 விழுக்காடு கூடும் என்றும், கொட்டலசு அடர்ந்து மண்டினால் 86 விழுக்காடு வரை கூடும் என்றும் அது காட்டியது. நம் படகுகளின் வடிவமும் வேகமும் வேறு என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. ஆனால் அதே எஞ்சின் சுற்றில் வேகம் குறைந்து, புகை கறுத்து வரும்போது என்ன நடக்கிறது என்பதை அவை விளக்கிவிடுகின்றன.

## வகைகள் ஒரே பார்வையில்

| வகை | எப்படி வேலை செய்கிறது | யாருக்குப் பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| சாதா எனாமலும் சுரண்டலும் | தடுப்பதில்லை. அழகும் சிறு பாதுகாப்பும் மட்டும் | நாள்தோறும் கரையேறும் பைபர் படகு | நீரில் விட்டால் அடிக்கடி சுரண்டும் கூலி, டீசல் |
| கடினச் செம்புப் பெயின்ட் | படலம் கரையாது. உள்ளிருக்கும் செம்பு மட்டும் கசியும் | நீருக்கடியில் தேய்த்துக் கழுவும் பழக்கமுள்ள படகு | ஆண்டுக்காண்டு தடித்து, ஒருநாள் முழுவதும் உரிக்க வேண்டும் |
| கரையும் வகை | மேல்தோல் சிறிது சிறிதாகக் கரைந்து புதுச் செம்பு வெளிப்படும் | ஆண்டுதோறும் கரையேறும் விசைப்படகு | பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது |
| தானே மெருகேறும் வகை | கடல்நீருடன் வேதிவினை நடந்து சீராகத் தேயும் | அதிக நாள் கடலில் ஓடும் இரும்பு, பைபர் விசைப்படகு | சுத்தமான அடித்தளம் இல்லாவிட்டால் மொத்தமும் நட்டம் |
| சிலிக்கோன் | ஒட்டவிடாத வழுக்கும் பரப்பு | வேகமாக ஓடும் கலங்கள் | உரசினால் கெடும். மேலே வேறெதுவும் பிடிக்காது |

## சாதா எனாமல்: ஆறுகாட்டுத்துறைக்கு இதுவே போதும்

நாள்தோறும் டிராக்டராலோ ஆட்களாலோ மணலுக்கு இழுக்கப்படும் பைபர் படகுக்கு ஆன்டிஃபவுலிங் தேவையில்லை என்பதே என் முடிவு. ஒரு தலைமுறைக்கு முன் இதே கரையில் கிடந்த கட்டுமரங்களுக்கு யாரும் செம்புப் பெயின்ட் பூசியதில்லை. கரையில் காய்ந்ததே அவற்றுக்குக் காப்பு. மேலும் செம்புப் பெயின்டைப் பூசி மணலில் இழுத்தால், அடிக்கட்டையில் இருக்கும் பூச்சு சில வாரங்களுக்குள் மணலோடு போய்விடும். அந்தச் செம்பு கரை மணலில்தான் தங்கும். அந்தப் பணத்தை அடிக்கட்டைக்கு இன்னும் இரண்டு அடுக்குப் பைபர் பாய் ஒட்டுவதற்கும், பைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் விழுந்த கீறல்களை அடைப்பதற்கும் செலவிடுவது நல்லது. கீறல் வழியே பைபருக்குள் நீர் இறங்குவதுதான் அந்தப் படகின் உண்மையான நோய்.

பைபர் படகே ஆனாலும், கழிமுகத்தில் நங்கூரமிட்டு நாட்கணக்கில் நீரில் விடுபவராக இருந்தால் இந்தப் பரிந்துரை மாறும். அப்போது கரையும் வகைக்குப் போகலாம். அவுட்போர்டு எஞ்சினின் நீரில் இறங்கும் கால் அலுமினியத்தால் ஆனது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். செம்பு கலந்த எந்தப் பெயின்டையும் அதில் பூசக் கூடாது.

## கடின வகை

இதன் படலம் கல்லைப் போல இறுகிவிடும். உள்ளே பொதிந்திருக்கும் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் மெல்ல நீரில் கசிந்து, ஒட்ட வரும் குஞ்சுகளை விரட்டும். செம்பு தீர்ந்ததும் வெறும் கூடு நிற்கும். தொடக்கத்தில் செம்பு அதிகமாகவும், மாதங்கள் போகப் போகக் குறைவாகவும் கசிவதால், பருவத்தின் முடிவில்தான், அதாவது நமக்குக் கொட்டலசு மிகுதியாக இருக்கும் கோடைத் தொடக்கத்தில்தான், இதன் வலிமை குன்றியிருக்கும். அதனாலேயே எனக்கு இதன் மேல் அவ்வளவு நாட்டமில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இதுவே சிறந்தது. முத்துக்குளித்துறைப் பக்கம் மட்டுமல்லாமல் நம் பக்கமும் மூழ்கத் தெரிந்த ஆட்களை வைத்து, படகை ஏற்றாமலே நீருக்கடியில் தேய்த்துச் சுத்தம் செய்பவர்கள் உண்டு. கரையும் வகையை அப்படித் தேய்த்தால் அழுக்கோடு பெயின்டும் போகும். கடின வகை தாங்கும். இன்னொரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒருமுறை நீரில் நனைந்த கடின வகை, கரையேறி நெடுநாள் வெயிலில் காய்ந்தால் அதன் கசியும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். 61 நாள் கரையில் நிற்கும் படகில், சென்ற ஆண்டுப் பெயின்ட் இன்னும் மிச்சமிருக்கிறது, அதுவே போதும் என்று அப்படியே இறக்குவது இதனால்தான் பலிப்பதில்லை.

## கரையும் வகை: பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது

இதில் பிசின் கலந்த படலம் நீரோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. செம்பு தீர்ந்த மேல்தோல் உதிர்ந்து, அடியிலுள்ள புதுத்தோல் வெளிப்படுகிறது. ஆண்டுதோறும் தடைக்காலத்தில் எப்படியும் ஏற்றப்படும் படகுக்குப் பன்னிரண்டு மாதம் தாங்கினால் போதும். அதற்கு மேல் தாங்கும் பெயின்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் குறைவு. பழைய பூச்சு தடித்துக்கொண்டே போகாது என்பதால், அடுத்த ஆண்டுச் சுரண்டும் வேலையும் பாதியாகிறது. மர வள்ளத்துக்கும் மர விசைப்படகுக்கும் இதுவே ஏற்றது. மரம் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும். இறுகிய படலம் அந்த அசைவில் வெடித்துவிடும், இது ஓரளவு வளைந்துகொடுக்கும். மரத்தைக் குடையும் கப்பல் புழு நுழைவதற்கு ஊசி முனையளவு திறந்த இடம் போதும். எனவே மரப்படகில் பூச்சு விட்டுப்போன ஒரு கோடு, பைபரில் விட்டுப்போன ஒரு முழத்தைவிட ஆபத்தானது. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை முடிந்து, மூட்டுகளில் பட்டி காய்ந்த பிறகே பெயின்டைத் தொட வேண்டும்.

பழைய முறையில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதையும், முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவதையும் இன்னும் சிலர் கேட்கிறார்கள். மரம் நீரை உறிஞ்சாமலிருக்க அவை உதவும். கரையில் காயும் சிறு வள்ளத்துக்கு இன்றும் பூசலாம். நீரிலேயே கிடக்கும் படகில் கொட்டலசைத் தடுக்க அவற்றால் ஆகாது.

## தானே மெருகேறும் வகை

பழையாற்று நண்பருக்கு நான் சொல்வது இது, ஒரு நிபந்தனையோடு. இந்த வகையில் கடல்நீரின் உப்பும் காரத்தன்மையும் படலத்தின் மேற்பரப்பில் வேதிவினை புரிந்து, அதை மிக மெல்லிய அளவில் சீராகக் கரைக்கின்றன. அதனால் முதல் மாதமும் கடைசி மாதமும் ஏறத்தாழ ஒரே அளவு செம்பு வெளிவருகிறது, பரப்பும் ஓட ஓட வழவழப்பாகிறது. தடிமன்தான் ஆயுள், எத்தனை பருவம் தாங்க வேண்டுமோ அதற்கேற்ற பூச்சு ஏற்ற வேண்டும். அதிக நாள் கடலில் ஓடும் இரும்புப் படகுக்கு டீசலில் மிச்சமாகும் பணமே விலை வேறுபாட்டை ஈடுகட்டக்கூடியது.

நிபந்தனை ஓட்டத்தைப் பற்றியது. கட்டிக் கிடக்கும் படகில் இது மெருகேறாது. வடகிழக்குப் பருவமழையின்போது கொள்ளிடத்தில் வெள்ளம் இறங்கி, கழிமுகத்தின் உப்பு குறையும் வாரங்களில் வேதிவினையும் மந்தமாகும். அந்த வாரங்களில் நன்னீரே கொட்டலசுக்குப் பகையாக இருப்பதால் பெரும் தீங்கு இல்லை. வெள்ளம் வடிந்து தை, மாசியில் உப்பு ஏறும்போது படகு தொடர்ந்து கடலுக்குப் போகிறதா என்பதே கேள்வி. போகாதென்றால் கூடுதல் விலை கொடுக்காமல் கரையும் வகையிலேயே நிற்கலாம்.

இந்த வகையைப் பற்றி வயதானவர்கள், முன்பெல்லாம் ஒருமுறை பூசினால் ஐந்து வருடம் சிப்பியே ஒட்டாது என்று சொல்வார்கள். பெரிய கப்பல்களில் அப்படி நடந்தது உண்மை. அதற்குக் காரணம் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் உண்பதற்கு வளர்க்கும் ஆய்ஸ்டர் சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்துப்போனதும், கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்து இனப்பெருக்கம் நின்றதும் அந்தச் சேர்மத்தின் வேலைதான். 2001-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு அதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. 2008 செப்டம்பர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எங்காவது அந்தச் சேர்மம் கலந்த பழைய இருப்புப் பெயின்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் இந்தக் கழிமுகங்களில்தான் அது கரையும்.

## சிலிக்கோன்

உயிர்க்கொல்லி ஏதுமின்றி, வழுக்கும் பரப்பால் மட்டுமே தடுப்பது என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒட்டியது கழன்று விழுவதற்குப் பத்து நாட் அளவுக்கு மேற்பட்ட வேகம் அடிக்கடி வேண்டும். வலையிழுக்கும்போது மூன்று நாட் அளவில் ஊர்ந்து, கயிறும் பலகையும் உரச, பக்கத்துப் படகோடு மோதி நிற்கும் நம் விசைப்படகுக்கு இது பொருந்தாது.

## பழைய பூச்சை வைத்துக்கொள்வதா, உரித்தெடுப்பதா

இந்தத் தேர்வு பெயின்டின் வகையைவிடப் பெரியது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் ஒரு பழைய விசைப்படகை வாங்கியது. அடியில் என்ன பூச்சு இருந்தது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. எதன் மேலும் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, மேலாகத் தேய்த்துவிட்டு, விலை உயர்ந்த மெருகேறும் வகையை இரண்டு கோட்டு, அதாவது இரண்டு பூச்சு, அடித்தோம். மூன்றாம் மாதம் வேகம் குறைந்தது. மூழ்கிப் பார்த்தவர் மேலே வந்து உள்ளங்கையளவு சில்லு ஒன்றைக் கையில் வைத்தார். வெளிப்புறம் நாங்கள் பூசிய சிவப்பு, கெட்டியாக, பழுதின்றி இருந்தது. அதன் கீழே ஒரு கறுப்பு அடுக்கு. புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் பச்சை எனாமல் பிசுபிசுவென்று, நகம் பட்டாலே வழியும் அளவுக்கு இளகியிருந்தது. அதில் கொப்புளம் கொப்புளமாக நீர். புதுப் பெயின்டிலிருந்த வீரியமான தின்னர் அடியிலிருந்த எனாமலை இளக்கிவிட்டது, கடல்நீர் மிச்சத்தை முடித்துவிட்டது. நாங்கள் வாங்கிய பெயின்டில் குறையில்லை. அது பிடித்துக்கொண்டிருந்த தளம்தான் கழன்றது.

ஆகவே இப்போது எந்தப் படகு ஏறினாலும் முதலில் இரண்டு சோதனைகள் செய்கிறேன். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்துப் பழைய பூச்சின் மேல் பத்து நிமிடம் ஒட்டி வைத்துப் பார்ப்பது ஒன்று. பூச்சு சுருங்கினாலோ உப்பினாலோ அது எனாமல் போன்ற ஒற்றைப் பொதிப் பெயின்ட். அசையாமல் இருந்தால் இரண்டு டின்களைக் கலந்து பூசும் எபாக்சி. கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போலக் கீறி, அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுப்பது மற்றொன்று. நாடாவோடு ஓரங்கள் கழன்று வந்தால் அந்தப் பூச்சை நம்ப முடியாது. முன்பக்கமான அணியத்தில் ஓரிடம், நடுவில் இரண்டிடம், சுக்கான் அருகே ஓரிடம் என்று நான்கு இடங்களிலாவது செய்ய வேண்டும்.

இரண்டிலும் தேறினால் பழைய பூச்சை வைத்துக்கொள்ளலாம். கரையேறிய அன்றே, அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போதே கொட்டலசைச் சுரண்டிவிட வேண்டும். ஒரு வாரம் காயவிட்டால் அதன் அடித்தட்டு சிமெண்டாகிவிடும். வெள்ளை வட்டமாக நிற்கும் அந்த அடித்தட்டையும் நீக்காமல் மேலே பூசினால் அந்த வட்டத்திலிருந்தே உரியத் தொடங்கும். பிறகு அழுத்த நீரால் கழுவ வேண்டும், நன்னீரால்தான். பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, படலத்தின் வழியே நீரை இழுத்துக் கொப்புளமாக்கும். அதன்பின் 80 எண் உப்புத்தாளால், தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும். உலர்ந்த செம்புத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பழைய மரப்படகாக இருந்தால் அடியில் சிவப்பு ஈயப் பிரைமர் இருக்கக்கூடும்; அது இன்னும் மோசம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது காப்பாகாது, வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். அடியில் தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை மூட்டையாக அள்ள வேண்டும். மழை பெய்தால் அது ஆற்றுக்குத்தான் போகும். அந்த ஆற்று நீரைத்தான் இறால் பண்ணைகளும் இறைக்கின்றன.

தேறாவிட்டால் முழுவதும் உரிப்பது தவிர வழியில்லை. கூலியும் நாளும் இரட்டிப்பாகும். ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அடித்தளம் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரும்புப் படகில் உரிப்பதற்கு இரண்டு வழிகள். கிரைண்டரில் கம்பித் தூரிகை போட்டுத் தேய்ப்பது மலிவு; ஆனால் அது குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் மேலே பளபளவென்று மெருகேற்றிவிடும், அந்தப் பளபளப்பில் பிரைமர் பிடிக்காது. துகள் வீசிச் சுத்தம் செய்வது செலவு அதிகம், ஆனால் குழி வரை போகும், பரப்பும் சொரசொரப்பாகும். குழி விழுந்த இரும்புக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வீசுவதற்குக் கடல் மணலையோ ஆற்று மணலையோ பயன்படுத்தவிடாதீர்கள். மணலின் சிலிக்காத் தூசி அந்தத் தொழிலாளியின் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அதற்குப் பதிலாகக் கார்னெட் கல்துகளும் தாமிரக் கசடும் கிடைக்கின்றன. சுத்தம் செய்த இரும்பு நம் கடற்காற்றில் ஓர் இரவு தாங்காது, மறுநாள் காலை பழுப்பேறி நிற்கும். அன்று முடித்த பகுதிக்கு அன்றே பிரைமர் போக வேண்டும்.

பைபர் படகில் துகள் வீசுவது ஜெல்கோட்டையே தின்றுவிடும். அதற்குக் கைச்சுரண்டியும் உப்புத்தாளும்தான். கொப்புளங்கள் இருந்தால் திறந்து, கழுவி, காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சாண் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு பக்கங்களையும் நாடாவால் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் பைபருக்குள் இன்னும் நீர் இருக்கிறது. புதிய பைபர் படகென்றால் அச்சிலிருந்து வந்த மெழுகு மேலே இருக்கும். தின்னரால் துடைத்த பின்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும், இல்லையென்றால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்துவிடுவோம்.

வெறும் இரும்பின் மேல் செம்புப் பெயின்ட் நேராகப் படக் கூடாது; இரும்பு அரிக்கும். 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை தன் ‘அலார்ம்’ கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தபோது, தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் இரண்டே ஆண்டில் அரித்துப்போனதைக் கண்டது. நம் படகில் செம்பும் இரும்பும் தொடாமல் இடைத்திரையாக நிற்பது இரண்டு கோட்டு எபாக்சி. எபாக்சியின் கடைசிக் கோட்டு முழுவதும் இறுகுவதற்கு முன், கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் பெயின்ட் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் செம்புப் பெயின்டின் முதல் கோட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிணைந்துவிடும். மே மாத வெயிலில் அந்த நேரம் விரைவில் கடந்துபோகும் என்பதால், ஆட்களைப் பிரித்து முன்னே ஒருவர் எபாக்சியும் பின்னே ஒருவர் செம்பும் பூச ஏற்பாடு செய்வது நல்லது.

## எத்தனை லிட்டர், எந்த நாள்

அடிப்பரப்பைத் தோராயமாக அறிய, நீர்க்கோட்டில் உள்ள நீளத்தை, அகலமும் நீரில் மூழ்கும் ஆழமும் சேர்ந்த தொகையால் பெருக்கலாம். பழையாற்றுப் படகுக்கு 14 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 84 சதுர மீட்டர். பெயின்டின் திடப்பொருள் கன அளவில் 50 விழுக்காடாகவும், காய்ந்த படலம் 100 மைக்ரானாகவும் இருந்தால் ஒரு லிட்டர் 5 சதுர மீட்டருக்கு வரும்; இரண்டு கோட்டுக்கு 34 லிட்டர், ரோலரிலும் தட்டிலும் காற்றிலும் போகும் கால் பங்கைச் சேர்த்தால் 45 லிட்டர். கடையில் இருபது லிட்டர் போதும் என்று சொன்னால், பாதித் தடிமனில் பூசச் சொல்கிறார்கள் என்று பொருள். மெலிந்த அடியுள்ள சிறு பைபர் படகுக்கு இதே பெருக்கலில் முக்கால் பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

நாள் விஷயத்தில் பலர் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே பூசி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சுரண்டல், உலர்த்தல், பிரைமர் எல்லாம் முன்கூட்டியே முடியட்டும். செம்புப் பெயின்டை மட்டும் ஜூன் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயின்டுக்கும் பூசியபின் எத்தனை நாளுக்குள் நீரில் இறக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. அது டின்னிலோ உடன் தரும் தாளிலோ அச்சாகியிருக்கும். அதைப் படித்துத்தான் நாள் குறிக்க வேண்டும். முன்பே பூசிவிட்டால் அது கடலில் வேலை செய்ய வேண்டிய நாட்களைக் கரையில் தூசி தின்று கழிக்கும். வேளையைப் பொறுத்தவரை, காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி, இரும்பு கை வைக்க முடியாதபடி சுடுவதற்குள் நிறுத்த வேண்டும். சுட்ட இரும்பில் பெயின்ட் ஓடிப் பரவுவதற்கு முன்பே தோல்கட்டி, ஊசித் துளைகள் விழும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் உப்பும் மணலும் வந்து ஒட்டும். மறுநாள் அடுத்த கோட்டுக்கு முன் நன்னீரால் ஒருமுறை கழுவிக் காயவிட வேண்டும்.

டின்னைத் திறந்ததும் குச்சியை அடிவரை விட்டுப் பாருங்கள். செங்கல் அரைத்த சேறுபோல அடியில் படிந்திருப்பதுதான் குப்ரஸ் ஆக்சைடு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளே அதுதான். அது முழுவதும் மேலே வந்து கலக்கும்வரை கிளற வேண்டும். மேலாகக் கலக்கிப் பூசினால் முதல் பாதிப் படகுக்கு வெறும் பிசினும், கடைசிப் பகுதிக்குச் செம்புமாகப் போகும். கெட்டியாக இருக்கிறது என்று பெயின்டர் தின்னரை ஊற்றத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள். முதல் கோட்டு சிவப்பு, இரண்டாவது கறுப்பு அல்லது நீலம் என்று நிறம் மாற்றிப் பூசினால், அடுத்த ஆண்டு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். அணியம், நீர்க்கோடு, சுக்கான் ஆகிய இடங்களில் நீர் அதிகம் உரசுவதால் மூன்றாவது கோட்டு கொடுக்க வேண்டும். இரும்புக்குப் பதிலாகத் தாம் அரித்துப்போகும் துத்தநாகக் கட்டிகளின் மேலும், ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் முகத்தின் மேலும் தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பூசிவிட்டால் கட்டி வேலை செய்யாது, சவுண்டருக்குக் காது கேட்காது.

தாங்குகட்டைகள் நிற்கும் இடங்களை யாராவது மறந்துவிடுவார்கள். முதல் சுற்று காய்ந்ததும் கட்டைகளை ஒரு முழம் நகர்த்தி வைத்து, மறைந்திருந்த இடத்தையும் உரித்து, பிரைமரிலிருந்து தொடங்கி அதே கோட்டுகளைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த நாளில், பெயின்டின் பெயர், வகை, எத்தனை கோட்டு, எந்தத் தேதி, அடியில் எந்தப் பிரைமர் என்பதை அழியாத மையால் சக்கர அறையின் உட்சுவரில் எழுதி, டின்னின் லேபிளையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படகை விற்றவர் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அந்தப் பச்சை எனாமலை நாங்கள் மூன்றாம் மாதம் கடலுக்குள் பார்த்திருக்க மாட்டோம்.